ஒரே ஒரு கேள்விக்குத்தான் பணம்

சென்ற மாதம் ஒரு சின்னத் தீவு நாட்டிலிருந்து மூன்று பேர் நம் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைப் பார்க்க வந்திருந்தார்கள். ஓய்வு பெற்றவள்தானே, வீட்டில் சும்மா இருப்பாள் என்று என்னையும் கூப்பிட்டிருந்தீர்கள். வந்தவர்களில் ஒரு அம்மாள் என்னிடம் கேட்டார்: "எங்கள் நாடே உங்கள் மாவட்டம் அளவுதான். மீன் வளர்ப்பு ஆராய்ச்சிக்கு அரசு தருவது கொஞ்சம், கேட்டு வருகிறவர்கள் நிறைய. எதற்கு முதலில் கொடுப்பது?" நான் ஏதோ இரண்டு வாக்கியம் சொல்லிச் சமாளித்தேன். அவர்கள் குறித்துக்கொண்டார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நீங்கள், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாதவர்கள், பேனாவையே எடுக்கவில்லை. எழுதிக்கொள்ளும்படி நான் ஒன்றும் சொல்லவில்லை என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. அது எனக்குப் பிடித்தது.

அதனால் முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன். நான் தப்பாகச் செய்ததிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

நிலையத்தின் பொறுப்புக்கு வந்த புதிதில் நான் ஒரு தீவன ஆராய்ச்சி செய்தேன். இந்தப் பக்கம் கிடைக்கிற கடலைப் புண்ணாக்கையும் தவிட்டையும் வைத்து, கடைத் தீவனத்துக்கு ஈடான ஒரு கலவை. நம் நிலையத்துக் குளத்தில் கட்லாவும் ரோகுவும் கொழுகொழுவென்று வளர்ந்தன. அறிக்கை அச்சில் வந்தது. சென்னையில் வாசித்தபோது கைதட்டினார்கள். அந்த மிதப்பிலேயே ஜெயமங்கலத்தை ஒட்டிய ஒரு கண்மாயைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்க்கும் பெண்கள் குழுவுக்கு மூட்டை மூட்டையாகத் தீவனத்தை அனுப்பிவைத்தேன். குழுவின் தலைவி பேச்சியம்மாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், உரத்த குரல், எதையும் ஒருமுறைதான் சொல்வார்.

அந்த ஆண்டு மாசி முடிவதற்குள் கண்மாய் வற்றிவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது முழங்கால் சேற்றில் பெண்கள் மீனை அள்ளிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் உள்ளங்கை அகலம். எடைபோட்டு வாங்க ஆளில்லாமல் கரையில் கூறு கட்டி விற்றார்கள். மேலே கொக்குகள் வட்டமிட்டன.

"தீவனம் சரியில்லையாக்கா?" என்று கேட்டேன்.

பேச்சியம்மாள் கையிலிருந்த சேற்றை வழித்துப் போட்டார். "தீவனத்துல ஒரு குத்தமும் இல்ல மேடம். நல்லாத்தான் தின்னுச்சுக. ஐப்பசியில கண்மாய் பெருகுனா மாசியில வத்திரும். அஞ்சே மாசம். உங்க மீனு விலைக்கு வர்றதுக்கு ஏழெட்டு மாசம் கேக்குது. போன வருசம் ஆபிசர்க வந்தாக, அவுககிட்டயும் இதைத்தான் சொன்னேன். தலையாட்டிட்டுப் போனாக."

காரில் திரும்பும்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் கண்டுபிடித்தது உண்மை. ஆனால் அந்தப் பெண்களுக்கு இல்லாத ஒரு கஷ்டத்துக்கு அது மருந்து. வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்கும் நிலையத்துக் குளத்தின் கரையில் உட்கார்ந்துகொண்டு நான் கேள்வியைத் தேர்ந்தெடுத்திருந்தேன். கண்மாய்க்கு எத்தனை மாதம் ஆயுள் என்று யாரையும் கேட்கவில்லை.

இதற்கு இரண்டு ஆண்டு கழித்து ஒரு ஆடி மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இனிமேல் சிறிய நிலையங்களுக்கு ஒரு சமயத்தில் ஒரே ஒரு ஆராய்ச்சிக்குத்தான் பணம். எது என்பதை நிலையமே முடிவு செய்து, அடுத்த மாதம் தேனியில் நடக்கும் கூட்டத்தில் சொல்ல வேண்டும். கடிதம் வந்த மறுநாளே ஒரு பெரிய அதிகாரி தொலைபேசியில் பேசினார். நல்ல மனிதர்தான், ஆனால் அவசரக்காரர்.

"தண்ணியைச் சுத்தம் பண்ணித் திரும்பத் திரும்பச் சுத்தவிடுற தொட்டி இருக்கே மேடம், அதைப் போடுங்க. பார்க்க நல்லா இருக்கும், நாலு பேரு வந்து பார்ப்பாங்க. உங்க நிலையத்தைப் பக்கத்து மாவட்டத்தோட இணைச்சிடலாம்னு ஒரு பேச்சு இருக்கு. தெரியும்ல?"

தெரியும். நிலையத்தில் வேலை பார்த்த பதினோரு பேருக்கும் தெரியும்.

அப்போது என்னோடு இருந்த இளைய விஞ்ஞானி முகுந்தன், நாகப்பட்டினத்துக்காரர். அந்தத் தொட்டி அவருடைய ஆசையும்கூட. ஒரே வாரத்தில் வரைபடத்தோடு திட்டம் எழுதிவிட்டார். எனக்கு வேறு ஒரு ஆசை இருந்தது. விரால். தேனிச் சந்தையில் அதற்கு இருக்கும் மதிப்பு வேறு மீனுக்குக் கிடையாது. ஆனால் தொட்டியில் முட்டையிடவைத்துக் குஞ்சுகளைப் பிழைக்கவைப்பது லேசுப்பட்ட வேலையில்லை. ஒன்றையொன்று தின்றுவிடும். அதைச் சாதித்துவிட்டுத்தான் ஓய்வு பெற வேண்டும் என்று பதினைந்து ஆண்டாக ஒரு கோப்பு வைத்திருந்தேன். இந்த ஒரே வாய்ப்பை அதற்கே எடுத்துக்கொள்வது என்று மனதுக்குள் முடிவும் செய்துவிட்டேன். இரண்டு திட்டத்தின் சுருக்கமும் தலைமை அலுவலகத்துக்குப் போயிருந்தது.

ஒரு நாள் சாயந்தரம் முகுந்தன் என் அறைக்கு வந்து உட்காராமல் நின்றார்.

"மேடம், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கோவிச்சுக்கிட்டா மட்டும் சொல்லாம போயிருவீங்களா?"

"விரால் குஞ்சு பொரிக்கிறதை வெளி மாநிலத்துல ரெண்டு மூணு பெரிய நிலையத்துல முடிச்சுட்டாங்க. பயிற்சிக்கு ஆள் கூப்பிடுறாங்க, குஞ்சும் தர்றாங்க. அதையே நாம முதல்லேருந்து ஆரம்பிச்சா, அவங்க வந்து நிக்கிற இடத்துக்குப் போய்ச் சேரவே நமக்கு ஆறேழு வருஷம் ஆகும்."

கையிலிருந்த கட்டுரைகளை மேசையில் வைத்தார். மேலே இருந்த கட்டுரையை எனக்கு அடையாளம் தெரிந்தது. அதை முன்பே படித்திருந்தேன். படித்து, மடித்து, இழுப்பறையின் அடியில் போட்டிருந்தேன். வேறொருவர் செய்து முடித்த வேலையை நானும் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசைக்கு அரசுப் பணத்தைக் கேட்கப் போயிருக்கிறேன்.

கோபம்தான் முதலில் வந்தது. "உங்க தொட்டி மட்டும் என்னவாம்? அதை யாரும் செய்யலையா?"

"செஞ்சிருக்காங்க மேடம். விலைக்கே கிடைக்குது. வாங்கிட்டு வந்து மாட்டணும், அவ்வளவுதான்."

"நம்ம ஊரு கரண்ட்டுல ஓடுமா?"

"ஜெனரேட்டர் வச்சா..." என்று ஆரம்பித்தவர் பாதியில் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு பேருடைய ஆசையும் ஒரே சாயந்தரத்தில் போயிற்று.

"அப்ப நம்மைத் தவிர வேற யாருமே பதில் கண்டுபிடிக்கப் போறதில்லைங்கிற கேள்வி எது?" என்று கேட்டார் முகுந்தன். "நாளைக்குக் காலையில ஜெயமங்கலம் போவோம்" என்று மட்டும் சொன்னேன்.

பேச்சியம்மாளின் கொழுந்தனாருக்கு அங்கே ஒரு தென்னந்தோப்பு இருந்தது. அதில் மோட்டார் தண்ணீர் வந்து விழுகிற சிமெண்டுத் தொட்டி. எங்களை நேராக அங்கே கூட்டிக்கொண்டு போனார். ஒரு கை தவிட்டைத் தூவியதும் தண்ணீர் கொதிப்பதுபோல மீன்கள் மேலே வந்தன. எல்லாம் விரல் நீளம், நெருக்கியடித்துக்கொண்டு.

"ஒரு ரெண்டு மாசக் குஞ்சு இருக்கும்" என்றார் முகுந்தன்.

"ரெண்டு மாசமா? போன ஐப்பசியில நீங்க குடுத்ததுல மிச்சம் தம்பி. ஒம்பது மாசம் ஆச்சு."

முகுந்தன் குனிந்து உற்றுப் பார்த்தார். பேச்சியம்மாள் தொட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னார். "அந்தத் தீவன வருசத்துல மிச்சமான குஞ்சை இங்கன கொண்டாந்து கொட்டுனேன். ரெண்டு கை தவிடுதான். சாகவும் இல்ல, வளரவும் இல்ல. சவலைப் பிள்ளைகன்னு நெனச்சேன். அடுத்த ஐப்பசியில கண்மாய் பெருகவும் கொண்டுபோயி விட்டேன் பாருங்க, காஞ்ச மாடு கம்புல விழுந்த கணக்கா வளந்துருச்சுக. மாசியில வலை போட்டா, புதுக் குஞ்சு உள்ளங்கை அகலம், இதுக முழங்கை நீளம்."

"ரெண்டும் ஒண்ணாத்தானே விட்டீங்க. எது எதுன்னு எப்படிக்கா தெரிஞ்சது?" என்று கேட்டேன்.

"சவலைகளுக்கு மட்டும் வால் ஓரத்துல துளியூண்டு கத்தரிச்சு விட்டேன். மறுக்க முளைச்சாலும் வடு தெரியும்ல."

முகுந்தன் என்னைப் பார்த்தார். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் உறைத்தது. ஒரு தென்னந்தோப்பில், கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு, இந்த அம்மாள் ஒழுங்கான ஒரு பரிசோதனையைச் செய்திருக்கிறார்.

"இதை ஏன்க்கா எங்ககிட்டச் சொல்லல?"

"சொன்னேனே. உங்க ஆபிசுலருந்து ஒருத்தர் வந்தாக. மீனைப் பட்டினி போடக்கூடாதுன்னு ஒரு நோட்டீசைக் குடுத்துட்டுப் போனாக."

நெருக்கமாக வைத்து, குறைவாகத் தீனி போட்டு, சிறிதாகவே வைத்திருந்த மீன், அகலமான தண்ணீரைக் கண்டதும் வேகமாக வளரும் என்பது புதிய செய்தியில்லை. வேறு ஊர்களில் செய்திருக்கிறார்கள். அதை அவர்களிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம். ஆனால் நம் பக்கத்துக் கோடை வெயிலில், தோப்புத் தொட்டியில், எத்தனை குஞ்சை எவ்வளவு நெருக்கலாம், எதை எவ்வளவு குறைவாகப் போட்டால் சாகாமல் பத்துப் பன்னிரண்டு மாதம் கிடக்கும், இதை நமக்காக வேறு எவரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஐந்து மாதத்தில் வற்றும் கண்மாய்கள் பெரியகுளத்திலிருந்து கம்பம் வரைக்கும் இருக்கின்றன. பதில் கிடைத்தால் அடுத்த ஐப்பசியிலேயே பயன்படுத்த ஆட்கள் தயார்.

தேனிக் கூட்டத்தில் நான் இதைச் சொன்னதும் யாரோ பின்னாலிருந்து, "மீனைப் பட்டினி போடுறதுக்கு ஒரு ஆராய்ச்சியா?" என்றார். சிரிப்பு எழுந்தது. தொலைபேசியில் பேசிய அதே அதிகாரிதான் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவர் சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் பிடிக்கிற மாதிரி ஒரு வழி சொன்னார்.

"எதுக்கு விவாதம்? தொட்டிக்குக் கொஞ்சம், விராலுக்குக் கொஞ்சம், இந்தப் பட்டினி மீனுக்குக் கொஞ்சம். மூணாப் பிரிச்சுக் குடுத்துருவோம். யாருக்கும் மனவருத்தம் இல்ல."

அறை முழுக்கத் தலைகள் ஆடின. என் தலையும் ஆடத்தான் பார்த்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிடம்தான் என் பணிக்காலத்திலேயே கஷ்டமான நிமிடம். சரி என்றால் நிலையம் பிழைத்துக்கொள்ளும், அதிகாரிக்கு மகிழ்ச்சி, என் விராலுக்கும் ஒரு பங்கு. வேண்டாம் என்றால் தலைக்கனம் என்பார்கள். ஆனால் மூன்றாகப் பிரித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தொட்டிக்கு அடித்தளம் மட்டும் போட்டு நிற்கும். விரால் குஞ்சு பாதியில் சாகும். தோப்புத் தொட்டிகளில் இரண்டை மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு, முடிவு தெளிவாக இல்லை என்று எழுதுவோம். மூன்று கேள்வியும் பதிலில்லாமல் அப்படியே இருக்கும், பணம் மட்டும் தீர்ந்திருக்கும்.

எழுந்து நின்றேன். "வேண்டாம் சார். மொத்தத்தையும் ஒண்ணுக்கே குடுங்க. விரால் என்னோட திட்டம், அதை நானே வாபஸ் வாங்கிக்கிறேன். குஞ்சு வேணும்னா கண்டுபிடிச்சவங்ககிட்டப் போய் வாங்கிட்டு வர்றோம்."

"தொட்டி?"

முகுந்தன் எழுந்தார். "அதை எழுதினது நான் சார். நானும் வாபஸ் வாங்கிக்கிறேன்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "ஒண்ணுலயே எல்லாத்தையும் வைக்கிறீங்க. தோத்துட்டா?"

"தோத்தாத் தோத்ததுன்னு எழுதித் தர்றேன். அதுக்கப்புறம் நிலையத்தை இணைக்கிறதா இருந்தா நான் வாயைத் திறக்க மாட்டேன். இந்த வர்ற மாசிக்கு அடுத்த மாசி வரைக்கும் விடுங்க, போதும்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சரி என்று எழுதினார். வெளியே வந்து படியில் இறங்கும்போதுதான் என்ன செய்தேன் என்று எனக்கு உறைத்தது. பதினோரு பேருடைய வேலையைப் பணயம் வைத்திருக்கிறேன், அவர்களைக் கேட்காமல். மறுநாள் எல்லாரையும் உட்காரவைத்துச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஓட்டுநர் மட்டும், "எப்படியும் இணைக்கத்தான் போறாக மேடம். ஒரு வேலையை முழுசாச் செஞ்சுட்டே போவோம்" என்றார்.

தோப்புகளில் பன்னிரண்டு தொட்டிகள் எடுத்தோம். சிலவற்றில் கொஞ்சம் நெருக்கம், சிலவற்றில் அதிகம், மூன்றில் மிக அதிகம். நாள்தோறும் என்ன செய்தோம் என்பதை அறிக்கையில் படித்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வேண்டியது சித்திரை மாதத்து ஒரு பகலைப் பற்றி.

கோடை மழையோடு வந்த காற்றில் மின்கம்பங்கள் சாய்ந்துவிட்டன. இரண்டு நாளாக மோட்டார் ஓடவில்லை. மூன்றாம் நாள் உச்சிவெயிலில் பேச்சியம்மாள் தொலைபேசியில் கூப்பிட்டார். "மேடம், நெருக்கிப் போட்ட மூணுலயும் மீனுக மேல வந்து வாயப் பொளக்குதுக. வெரசா வாங்க."

போனபோது அவருடைய குழுப் பெண்கள் ஏழெட்டுப் பேர் ஏற்கெனவே வந்திருந்தார்கள். குடத்தில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினால் தண்ணீரில் காற்றுக் கலக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. முகுந்தன் என்னைத் தனியே கூப்பிட்டார். "பாதி மீனை வேற தொட்டிக்கு மாத்தினாப் பிழைச்சுக்கும் மேடம். ஆனா அந்த மூணு தொட்டிக் கணக்கு கெட்டுப்போகும். என்ன பண்ணட்டும்?"

"மாத்துங்க. கணக்கு கெட்டதுன்னு எழுதிக்குவோம்."

அப்படியும் நிறையச் செத்தன. சாயந்தரம் செத்ததை எண்ணி முடித்தபின் முகுந்தன் மெதுவாக, "இந்த மூணையும் அறிக்கையில சேர்க்காம விட்டுட்டா? கரண்ட் போனது நம்ம தப்பு இல்லையே" என்றார். அவரைக் குறை சொல்லமாட்டேன். என் மனதிலும் அதேதான் ஓடிக்கொண்டிருந்தது.

பேச்சியம்மாள் காதில் அது விழுந்துவிட்டது. ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "ஏன் தம்பி, அடுத்த வருசம் எங்களுக்குக் கரண்ட் போகாதா? எம்புட்டு நெருக்குனா சாகும்னு இன்னைக்குத்தானே தெரிஞ்சிருக்கு. அதை எழுதாம வேற எதை எழுதப் போறீக?"

எழுதினோம். இன்றைக்கு இந்தப் பக்கத்து விவசாயிகள் கையில் இருக்கும் அந்த ஒற்றைத் தாள் வழிகாட்டியில் 'இதற்கு மேல் நெருக்காதீர்கள்' என்று ஒரு வரி இருக்கிறதே, அது அந்தப் பகலில் செத்த மீன்கள் சொன்னது.

அந்த ஆண்டு மழையும் எங்களைச் சோதித்தது. ஐப்பசியில் வரவேண்டியது கார்த்திகையில்தான் வந்தது. கண்மாயில் நாலு மாதம்கூடத் தண்ணீர் நிற்காது என்றார்கள். குழுப் பெண்கள் தொட்டி மீன்களைக் கொண்டுபோய் விட்டார்கள். தை பிறந்ததும் முகுந்தன் வாரம் தவறாமல் வலைபோட்டுப் பார்த்துவிட்டு வந்து என் அறை வாசலில் நின்று கையை அகட்டிக் காட்டுவார். ஒவ்வொரு வாரமும் கை கொஞ்சம் கொஞ்சமாக அகன்றது. ஒரு வாரம் இரண்டு கையும் போதாமல் கதவில் இடித்துக்கொண்டார்.

மாசியில் வலை இழுத்த காலையில் நான் கரையில் நின்றேன். தேனியிலிருந்து வண்டிகள் வந்திருந்தன. வியாபாரிகள் தராசை இறக்கினார்கள். கூறு கட்ட வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு மீனையும் இரண்டு கையால் தூக்க வேண்டியிருந்தது. அந்த அதிகாரியும் வந்திருந்தார். பேன்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி ஒரு கட்லாவைத் தூக்கிப் பார்த்தார். அது துள்ளி அவர் சட்டை முழுக்கச் சேறாக்கியது. "நிலையத்தை இணைக்கிற கோப்பை மூடிடலாம்" என்று சொல்லிவிட்டு அப்படியே சேற்றோடு கார் ஏறினார். அதே ஆண்டு விரால் குஞ்சுகளையும் வெளியிலிருந்து வாங்கிவந்து வளர்க்க ஆரம்பித்தோம். நான் பதினைந்து ஆண்டு கோப்பில் வைத்திருந்ததை ஒரு பயிற்சியும் ஒரு வேன் பயணமும் முடித்துக்கொடுத்தன.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியே இருக்கமாட்டேன். வெற்றிக்குப் பிறகு வருகிற முடிவைப் பற்றித்தான் யாரும் எச்சரிப்பதில்லை.

வலை இழுத்த அன்றைக்கே முகுந்தன் ஒரு காகிதத்தோடு வந்தார். இதே ஆராய்ச்சியை இன்னும் மூன்று ஆண்டு நீட்டிக்கக் கேட்கும் கடிதம். இப்போது கேட்டால் உடனே கிடைக்கும். பெயர் கிடைத்த வேலை, பழகிய வேலை, தோற்க வழியில்லாத வேலை. கையெழுத்துப் போட நான் பேனாவைத் திறந்துவிட்டேன். பக்கத்தில் மீன் எண்ணிக்கொண்டிருந்த பேச்சியம்மாள், "அது என்ன மேடம்?" என்று கேட்டார். சொன்னேன்.

"இன்னும் மூணு வருசமா? எதுக்கு? எத்தனை போடணும், என்ன போடணும், எப்ப விடணும், எல்லாந்தான் எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சே. இனிமே நாங்களே பாத்துக்குவோம். இதுக்குக் குடுக்குற பணத்தை வேறதுக்குக் குடுங்க. வருசநாட்டுப் பக்கம் மீனுக்குச் செதில்ல புண்ணு வருதாம். எங்க நாத்தனா அழுகுறா. அங்கன போயிப் பாருங்க."

இன்னொரு பெண் சேற்றிலிருந்தே கத்தினார்: "ஏன், கொக்குக்கு ஒரு வழி பாக்கச் சொல்லுங்களேன். பாதி அதுதான் திங்குது."

"ஏத்தா, கொக்கு பெருசா புண்ணு பெருசா?"

"நீ பொழுது பூராவும் கல்லெறிஞ்சு பாரு, அப்பத் தெரியும்!"

முகுந்தன் என்னைப் பார்த்தார். அந்தக் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அடுத்த வாரம் நிறைவு அறிக்கை எழுதினோம், ஒன்றரைப் பக்கம். எங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, இதற்கு இனிப் பணம் வேண்டாம் என்று அதில் கையெழுத்துப் போட்டபோது, வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அதைப்போல ஒரு காகிதத்தில் நான் கையெழுத்திட்டதில்லை என்று தோன்றியது.

ஆனால் அது அடுத்த வாரம். அன்றைக்குக் கண்மாய்க் கரையில் கொக்குக்கும் புண்ணுக்கும் சண்டை ஓயவில்லை. யார் ஜெயிப்பார்கள் என்று கேட்டுக்கொண்டே, ஆளுக்கொரு பையைப் பிடித்தபடி, நானும் முகுந்தனும் மீன் வாங்க வரிசையில் நின்றோம்.